கொட்டகலை மட்டும் ஏன் காணவில்லை? பேர்எஃப்எஸ் கருவியை டெபியனுக்குக் கொடுப்பது பற்றி

#1 மேல்டிவிசன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

இலங்கை மலையகத்தில், டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கத்து வீடுகளில் டிரங்குப் பெட்டிகளுக்குள் கிடக்கும் பழைய தாள்களை நாங்கள் நாலைந்து பேர் ஸ்கேன் செய்து சேர்த்து வருகிறோம். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமைக்குப் போட்ட விண்ணப்பங்களின் பிரதிகள், செக்ரோல் (தோட்ட வேலைப் பதிவேடு) பக்கங்கள், சங்கச் சந்தா அட்டைகள், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போன சொந்தங்கள் எழுதிய கடிதங்கள். கோப்புப் பெயர்கள் எல்லாம் தமிழில்தான்: தோட்டம், டிவிசன், ஆண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் ஷா256 எண் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) எடுத்து ஒரு பட்டியலும் வைத்திருந்தோம்.

2025 நவம்பரில் டிட்வா புயல் மழையில், முதல் ஹார்ட் டிஸ்க் இருந்த வீட்டின் பின்சுவர் மண்ணோடு போய்விட்டது. ஆட்கள் முதல் நாளே கோயிலுக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். டிஸ்க் போனது போனதுதான். பட்டியல் என் மடிக்கணினியில் இருந்தது. இரண்டாவது பிரதி பண்டாரவளையில் மாஸ்டர் வீட்டில் பத்திரமாக இருந்தது. பாதை திறந்ததும் அதை வாங்கி வந்து பட்டியலோடு ஒப்பிட்டேன்.

ஹட்டன் சரி. மஸ்கெலியா சரி. தலவாக்கலை சரி. கொட்டகலை என்றால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை'. பொகவந்தலாவை இல்லை. நோர்வூட் இல்லை. கோப்பு திரையில் கண்முன்னால் இருக்கிறது, பெயரும் எழுத்துக்கு எழுத்து அதேதான். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது.

'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க, அதன் பின் ொ என்று ஒரே குறி. அல்லது க, பிறகு ெ, பிறகு ா என்று தனித்தனியாக. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் கோப்பு முறைமை, அதாவது டிஸ்க்கில் கோப்புகளை வைத்து எடுக்கும் மென்பொருள், பார்ப்பது பைட்டுகளை. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். கொட்டகலை ஒரு விதத்தில் 24 பைட், மற்ற விதத்தில் 27. லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். தமிழில் இந்தச் சிக்கல் ொ, ோ, ௌ, ஔ என்ற நாலுக்குத்தான் உண்டு. ஆனால் 'தோட்டம்' என்ற சொல்லே அதில் மாட்டிக்கொள்கிறது, 'தொழிலாளர்' மாட்டிக்கொள்கிறது. எங்கள் பட்டியலில் வேறு என்ன மிச்சம்?

இதற்காக என் அக்கா மகன் ஃபியூஸில் (சாதாரண நிரலாகவே கோப்பு முறைமை எழுத லினக்ஸ் தரும் வசதி) ஒரு சின்னக் கோப்பு முறைமை எழுதிக் கொடுத்தான். இருக்கிற அடைவை வாசிப்புக்கு மட்டும் இன்னோர் இடத்தில் மவுன்ட் செய்யும், அதாவது இணைத்துக் காட்டும். பெயர்களை எல்லாம் ஒரே வடிவில் காட்டும். நாம் எந்த வடிவில் கேட்டாலும் சரியான கோப்பைத் திறக்கும். டிஸ்க்கில் ஒரு பைட்டைக்கூட மாற்றாது. பெயர் பேர்எஃப்எஸ். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்றுதானே சொல்கிறோம், அதை வைத்துத்தான்.

இப்போது இது பென்டிரைவில்தான் கை மாறுகிறது. வாசிகசாலைக் கணினியில் ஓடும் லினக்ஸ் இயங்குதளமான டெபியனைப் புதுப்பித்தால் நின்றுவிடுகிறது, யாராவது போய்த் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டியிருக்கிறது. இதை டெபியனுக்குள்ளேயே சேர்க்க ஆசை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

#2 கொழுந்துமடுவம்

அக்கா, கன்வ்எம்வி என்று ஒரு கட்டளை ஏற்கனவே டெபியனில் இருக்கிறது. பெயர்களை என்எஃப்சி வடிவுக்கு, அதாவது சேர்ந்த வடிவுக்கு, மொத்தமாக மாற்றித் தரும், ஐந்து நிமிட வேலை. அதற்குப் போய் ஒரு கோப்பு முறைமை எதற்கு? நான் குறை சொல்லவில்லை. டெபியன்காரர்களும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

#3 மேல்டிவிசன்

கேட்டது நல்லதுதான் தம்பி. மாற்றிப் பார்த்தோம், பிரதியின் பிரதியில்.

எங்கள் பட்டியலில் எல்லாப் பெயரும் ஒரே வடிவில் இல்லை. புதிதாகத் தட்டச்சு செய்தவை சேர்ந்த வடிவில் இருக்கின்றன. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருந்த பழைய அட்டவணையை எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்த பெயர்கள் பிரிந்த வடிவில் இருக்கின்றன, ஏனென்றால் பாமினியில் கொம்பு தனி, கால் தனி. அந்த மாற்றி இரண்டையும் ஒன்று சேர்க்கவில்லை. கன்வ்எம்வி போட்டதும் கொட்டகலை கிடைத்தது, பாமினியிலிருந்து வந்த பெயர்கள் காணாமல் போயின. பட்டியலையும் திருத்தலாம் என்றால், கைவைத்த பட்டியலை எப்படிச் சாட்சியாக வைப்பது? காணி, பிறப்புப் பதிவு என்று நாளைக்கு யாராவது இந்தத் தாள்களைக் கேட்டு வரும்போது, சேர்த்த நாளில் இருந்தபடியே இருக்கிறது என்று சொல்ல முடிய வேண்டும்.

#4 பதுளைப்பக்கம்

தங்கச்சி, #3இல் எழுதியதை அப்படியே விண்ணப்பத்தில் போடுங்கள். 'ஏற்கனவே இருப்பது ஏன் போதாது' என்பதற்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

நான் டெபியனில் இரண்டு சின்னப் பொதிகளை (நிறுவக்கூடிய மென்பொருள் கட்டுகளை) பராமரிக்கிறேன், டெபியன் உறுப்பினர் இல்லை. நடைமுறையைச் சொல்கிறேன். முதலில் ஐடிபி, அதாவது 'இதைப் பொதி செய்யப் போகிறேன்' என்ற அறிவிப்பு. டெபியனின் வழுத்தளத்தில் (பிழைகளும் வேண்டுகோள்களும் பதியும் இடம்) டபிள்யூஎன்பிபி என்ற பெயரின் கீழ் ஒரு வழுவாகப் பதிய வேண்டும். அதே வேலையை வேறு யாரும் செய்துகொண்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். கிடைக்கும் எண்ணைப் பொதியின் மாற்றக்குறிப்பில் எழுத வேண்டும், பொதி உள்ளே போனதும் அந்த வழு தானாக மூடிக்கொள்ளும்.

அப்புறம் மூலப்பொதி. மேல்மூல நிரல் (எழுதியவர் தந்த நிரல்) ஒரு கட்டாக, டெபியன் அடைவு தனியாக. கண்ட்ரோல், ரூல்ஸ், காப்பிரைட், சேஞ்ச்லாக், இந்த நாலும்தான் உயிர். உங்கள் மடிக்கணினியில் வெறுமனே கட்டி (கம்பைல் செய்து) பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். எஸ்பில்ட் மூலம் சுத்தமான சூழலில் கட்டுங்கள். என் முதல் பொதி வீட்டில் அருமையாக ஓடியது, அங்கே ஒரு நூலகத்தை எப்போதோ நிறுவி மறந்திருந்தேன், கண்ட்ரோலில் எழுதவே இல்லை. பிறகு பொதியில் குறை தேடும் லிண்டியனை ஓட்டி அது சொல்வதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேன் பக்கம் (கட்டளையின் உதவிப் பக்கம்) இல்லை என்று கட்டாயம் சொல்லும். எழுதிவிடுங்கள், வாசிகசாலையில் உட்காரும் பிள்ளைக்கு அதுதான் கைகொடுக்கும்.

முடிந்ததும் மென்டர்ஸ் தளத்தில் ஏற்றி, ஆர்எஃப்எஸ் என்ற ஆதரவு வேண்டுகோளைப் பதியுங்கள். டெபியன் உறுப்பினர் ஒருவர் பார்த்து, பிடித்தால் தன் கையொப்பத்தோடு ஏற்றுவார். 2023இல் கொச்சியில் டெப்கான்ஃப் என்ற டெபியன் மாநாடு நடந்தபோது போக முடியாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம், ஆனால் மென்டர்ஸில் ஏற்ற யாரையும் நேரில் சந்திக்கத் தேவையில்லை. கையொப்பமிடச் சொந்தமாக ஒரு ஜிபிஜி சாவி இருந்தால் போதும். மலையில் இருக்கிறோம், நம்மைத் தெரிந்தவர் யாருமில்லை என்று தயங்காதீர்கள்.

நிரலை இப்போதுதான் பார்த்தேன். உடனே கண்ணில் பட்ட மூன்று: யுடிஎஃப்8ப்ராக் நூலகத்தின் முழுப் பிரதியை உள்ளேயே வைத்திருக்கிறீர்கள், டெபியனில் அது தனிப் பொதியாக இருக்கிறது, அதையே பயன்படுத்த வேண்டும். சோதனை அடைவில் உண்மையான ஸ்கேன்கள் இருக்கின்றன. மூன்றாவது, உரிமக் கோப்பே இல்லை.

#5 பீலிக்கரை

பேராதனையில் படிக்கிறேன். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4இலேயே இதற்கு வழி இருக்கிறது: லினக்ஸ் 5.2 முதல், டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போது கேஸ்ஃபோல்ட் வசதியை இயக்கலாம். அதன் பிறகு வெற்று அடைவு ஒன்றுக்குக் கொடி போட்டால், அதற்குள் யூனிகோட் வடிவ வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் தேடும். இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையிலும் நார்மலைசேஷன் என்ற பண்பு உண்டு. ஆனால் இரண்டிலும் புதிதாகத் தொடங்கினால்தான் பலன், இசட்எஃப்எஸ்ஸில் அந்தப் பண்பை உருவாக்கும் நேரத்தில் மட்டுமே வைக்க முடியும். ஏற்கனவே நிரம்பிய டிஸ்க்குக்கு மேல்டிவிசன் அக்கா சொல்லும் வழிதான் சரி. எழுதும்போது இரண்டையும் குறிப்பிட்டுவிட்டு, ஏன் உதவாது என்றும் ஒரு வரி சேருங்கள்.

உரிமம் பற்றி: கோப்பு இல்லை என்றால் 'யாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்று அர்த்தம் இல்லை. எல்லா உரிமையும் எழுதியவருக்கே. எழுதியவர் சொல்லாமல் நீங்கள் ஜிபிஎல் (கட்டற்ற மென்பொருள் உரிமம்) என்று போடக் கூடாது.

#6 மேல்டிவிசன்

அவன் இப்போது கட்டாரில் வேலை. நேற்று இரவு ஷிஃப்ட் முடிந்து வந்ததும் பேசினேன். "சித்தி, நீங்களே போட்டுக்கோங்க" என்றான். வாய்ச்சொல் போதாது என்று சொல்லி, அவன் கையாலேயே ஜிபிஎல் 3 உரிமக் கோப்பைச் சேர்த்து, ஒவ்வொரு நிரல் கோப்பின் தலையிலும் அவன் பெயரும் ஆண்டும் போடவைத்தேன். பெயரைத் திரையில் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

ஸ்கேன்களை எடுத்துவிட்டேன். அது என் தவறு. ஒரு குடும்பத்தின் பிரஜாவுரிமைத் தாள், அடையாள எண்ணோடு உலகம் முழுக்கப் போயிருக்கும். களஞ்சியத்தின் பழைய வரலாற்றிலிருந்தும் அழித்தாயிற்று. அவற்றின் இடத்தில் வெறும் பூச்சியப் பைட் கோப்புகள், பெயர்கள் மட்டும்: கொட்டகலை, நோர்வூட், வட்டகொடை, பௌர்ணமி. ஒவ்வொன்றும் இரண்டு வடிவிலும்.

#7 பண்டாரவளை மாஸ்டர்

மகள், டிஸ்க்கில் பெயர்கள் பிரிந்தது என் பக்கத்தில்தான் நடந்திருக்க வேண்டும். பேரனின் பழைய மேக் கணினியில் முதலில் இறக்கி, அதிலிருந்து ஆர்சிங்க் என்ற பிரதியெடுக்கும் கட்டளை மூலம் லினக்ஸ் டிஸ்க்குக்கு அனுப்பினேன். அதில் இருப்பது பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை. அது பெயர்களை எப்போதும் பிரித்தே சேமிக்கும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு ஒரு வேண்டுகோள். பழைய பெயர்களில் 'கௌ' என்று வர வேண்டிய இடத்தில் க-வுக்குக் கொம்பு போட்டு, பக்கத்தில் ள-வைத் தட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்க ஒன்று போலவே இருக்கிறது. முப்பது வருடம் தமிழ் படிப்பித்த கண்ணுக்கே சில சமயம் பிடிபடுவதில்லை. அதையும் இந்தக் கருவி ஒன்றாக எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

#8 பதுளைப்பக்கம்

சேர், அதைச் செய்யக் கூடாது என்பது என் அபிப்பிராயம். ொ-வும் ெ, ா இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் தரமே சொல்கிறது, அதனால் நாம் எதையும் ஊகிக்கவில்லை. கௌ-வும் கெ, ள-வும் அப்படி இல்லை. 'கெளுத்தி' என்று ஒரு மீன் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? ஸ்ரீ-யும் இப்படித்தான்: வழக்கமான ஸ போட்டு எழுதியதும், 2005இல் யூனிகோடுக்கு வந்த ஶ போட்டு எழுதியதும் கண்ணுக்கு ஒன்று, தரத்தின்படி வேறு. எழுத்துப்பிழை திருத்துவது கோப்பு முறைமையின் வேலை இல்லை. தனியாக ஒரு சின்னக் கருவி செய்து, சந்தேகமான பெயர்களைப் பட்டியலாகக் காட்டலாம். முடிவை சேர் மாதிரி ஒருவர் எடுக்கட்டும்.

#9 பண்டாரவளை மாஸ்டர்

கெளுத்தியை மறந்துவிட்டேன். சரி, நீர் சொல்வதுதான் நியாயம்.

#10 கொழுந்துமடுவம்

அக்கா, நேற்று மவுன்ட் செய்து பார்த்தேன். ஒரே அடைவில் இரண்டு 'தோட்டம்' இருக்கும்போது, ஒன்று சேர்ந்த வடிவில், மற்றது பிரிந்த வடிவில், பேர்எஃப்எஸ் ஒன்றைத்தான் காட்டுகிறது. மற்றது மறைந்துபோகிறது. இரண்டாம் முறை மவுன்ட் செய்தபோது மறைந்தது தெரிந்தது, தெரிந்தது மறைந்தது!

#11 மேல்டிவிசன்

இதைப் படித்ததும் கை நடுங்கியது. காணாமல் போனதைக் கண்டுபிடிக்கச் செய்த கருவியே ஒன்றை ஒளித்து வைக்கிறது. நன்றி தம்பி.

காரணம் இது: அடிப்படைக் கோப்பு முறைமை பெயர்களை எந்த வரிசையில் கொடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, நாங்கள் முதலில் வந்ததை வைத்துக்கொண்டோம். இப்போது மாற்றியாயிற்று. ஏற்கனவே சேர்ந்த வடிவில் இருக்கும் கோப்புக்கே அந்தப் பெயர். மற்றவை பைட் வரிசைப்படி அடுக்கப்பட்டு, பெயரின் முடிவில் ஓர் அலைக்குறியும் எண்ணும் பெறும். வாசிப்புக்கு மட்டும் என்பதால் எத்தனை முறை மவுன்ட் செய்தாலும் அதே பெயர்தான் வரும். நீண்ட பெயர் என்றால் 255 பைட் எல்லையைத் தாண்டாமல், எழுத்தின் நடுவில் வெட்டாமல் பார்த்துக்கொள்கிறோம். 255 என்றால் தமிழில் 85 குறிகள்தான். தோட்டம், டிவிசன், குடும்பத்தலைவர் பெயர், ஆண்டு எல்லாம் எழுதினால் அந்த எல்லை அவ்வளவு தூரத்தில் இல்லை.

#12 மேல்டிவிசன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஐடிபி பதிந்தாயிற்று, எண் கிடைத்தது. எஸ்பில்டுக்கான அடிப்படைச் சூழலை இறக்கவே இரண்டு இரவு போனது. லயத்துக்குக் கீழே சிக்னல் இல்லை, மடுவத்துக்கு மேலே இருக்கும் வளைவில்தான் பிடிக்கும், அங்கே நின்றுதான் இறக்கினோம். மழை வந்தால் குடைக்குள் மடிக்கணினி.

இப்போது இரண்டு இடத்தில் நிற்கிறேன். ஒன்று: கட்டும்போது ஓடும் சோதனையில் மவுன்ட் செய்ய முடியவில்லை. எஸ்பில்ட் சூழலுக்குள் ஃபியூஸ் சாதனமே இல்லை. இரண்டு: ஐ386க்கு, அதாவது பழைய 32 பிட் கணினிகளுக்கு, கட்டினால் முதல் கோப்பிலேயே நின்றுவிடுகிறது.

#13 பதுளைப்பக்கம்

முதலாவது: சோதனையை இரண்டாகப் பிரியுங்கள். பெயரை ஒருமுகப்படுத்தும் பகுதியை மவுன்ட் இல்லாமலே தனியாகச் சோதிக்கலாம், அது கட்டும்போது ஓடட்டும். மவுன்ட் செய்யும் சோதனையை ஆட்டோபிகேஜிடெஸ்டில் (நிறுவிய பொதியைச் சோதிக்கும் டெபியன் ஏற்பாடு) வைத்து, முழு மெய்நிகர் இயந்திரம் தேவை என்று குறித்துவிடுங்கள்.

இரண்டாவது: பெரிய கோப்புகளின் நீளத்தை 64 பிட்டில் எடுக்கச் சொல்லும் கொடியைக் கம்பைலருக்குக் கொடுக்க வேண்டும். ஃபியூஸின் தலைப்புக் கோப்பே அதைக் கட்டாயமாகக் கேட்கிறது. 64 பிட் கணினியில் தானாகவே சரியாக இருப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை.

ஐ386 எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். டெபியன் 13இல் அதற்கு நிறுவியும் கருவும் (கெர்னல்) இல்லைதான். ஆனால் டெபியன் 12 ஓடும் 32 பிட் பெட்டிகள் நம் வாசிகசாலைகளில் இன்னும் இருக்கின்றன, 12க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை.

#14 மேல்டிவிசன்

கொடியைச் சேர்த்தேன், கட்டியது. லிண்டியனும் இப்போது அமைதி. மேன் பக்கத்தை ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று எழுதியிருக்கிறோம். தமிழ்ப் பக்கத்தை மாஸ்டர் சேர் திருத்தித் தந்தார், ஒற்றுப்பிழை மட்டும் பதினொன்று.

மென்டர்ஸில் ஏற்றி ஆர்எஃப்எஸ் போட்டாயிற்று.

#15 பதுளைப்பக்கம்

மிகவும் சந்தோஷம். இனிக் காத்திருப்பு. ஆதரவாளர் கிடைத்து அவர் ஏற்றியதும், புதிய பொதி என்பதால் நியூ வரிசைக்குப் போகும். அங்கே புதிய பொதிகளைச் சரிபார்க்கும் குழுவினர் காப்பிரைட் கோப்பை வரி வரியாகப் பார்ப்பார்கள். சில நாளும் ஆகலாம், பல மாதமும் ஆகலாம். அது தாண்டியதும் அன்ஸ்டேபிள் என்ற முதல் கிளையில் இருக்கும், ஆனால் அடுத்த வெளியீட்டுக்கான டெஸ்டிங் கிளைக்கு நகராது. பயந்துவிடாதீர்கள். முதல் முறை கட்டிய பைனரியோடு ஏற்ற வேண்டும், அப்படி ஏற்றியது நகராது. மூலத்தை மட்டும் வைத்து இன்னொரு முறை, '-2' என்ற பதிப்பாக ஏற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது கொஞ்சம் கனமான விஷயம். பொதியை உள்ளே கொண்டுபோவது பாதி வேலைதான். பிகாஷ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை தெரியுமல்லவா? 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.7இல் எவ்வளவு எதிர்பார்ப்போடு சேர்ந்தது. அதே ஆண்டில் அதன் கருவிகளை டெபியனில் பராமரித்தவர் கைவிட வேண்டியதாயிற்று. அவை கேட்ட ரஸ்ட் மொழி நூலகப் பதிப்புகளும் டெபியனில் இருந்தவையும் ஒத்துப்போகவில்லை. பிறகு வேறு காரணங்களால் 6.18இல் கருவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதை நம்பி டிஸ்க்கை ஃபார்மட் செய்தவர்களுக்கு எவ்வளவு சங்கடம். உங்கள் கருவி டிஸ்க்கைத் தொடுவதில்லை, அது நாளை இல்லாமல் போனாலும் தாள்கள் பத்திரம். இருந்தாலும் பராமரிப்பாளர் இடத்தில் ஒரே ஒரு பெயர் வேண்டாம். இன்னும் ஒருவரையாவது சேருங்கள்.

#16 கொழுந்துமடுவம்

என் பெயரைப் போடுங்கள் அக்கா. சி மொழி அவ்வளவாக வராது, ஆனால் வழு வந்தால் படித்து, திரும்பச் செய்து பார்த்து எழுதுவேன். மற்றது பழகிக்கொள்கிறேன்.

#17 மேல்டிவிசன்

போட்டாயிற்று தம்பி. கட்டார்க்காரனுக்கும் சொல்லிவிட்டேன், உனக்குச் சி சொல்லித் தருகிறானாம், வெள்ளிக்கிழமைகளில்.

#18 பண்டாரவளை மாஸ்டர்

மென்டர்ஸில் இருந்த பொதியை இறக்கி, பேரன் உதவியோடு கட்டி, இங்கே திரும்பி வந்திருக்கும் டிஸ்க்கை மவுன்ட் செய்தேன். பட்டியலைப் பழையபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. நடுவில் கரண்ட் போய்த் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று.

கொட்டகலை சரி. பொகவந்தலாவை சரி. நோர்வூட் சரி. 'கோப்பு இல்லை' என்று ஒரு வரிகூட வரவில்லை.

ஆனால் இரண்டு கோப்புகளுக்கு எண் பொருந்தவில்லை. இரண்டும் பொகவந்தலாவை அடைவில், ஒரே குடும்பத்தின் கடிதங்கள். திறந்து பார்த்தேன். முதலாவதில் பாதிப் பக்கம் சாம்பல் பட்டையாக இருக்கிறது, இரண்டாவது திறக்கவே இல்லை. இவ்வளவு நாள் 'இல்லை' என்று வந்த வரிகளுக்குள் இவையும் ஒளிந்திருந்திருக்கின்றன.

#19 மேல்டிவிசன்

சேர், அந்தக் கடிதங்கள் யாருடையவை என்று எனக்குத் தெரியும். இன்று மாலை அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டியை இழுத்துத் திறந்து, இரண்டு கடிதத்தையும் பழைய சேலைத் துண்டுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். மடிப்பில் ஒன்று கிழியத் தொடங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு போகிறோம். கொழுந்துமடுவம் தம்பி, நீயும் வா, பாட்டரியைச் சுமக்க ஒரு ஆள் வேண்டும்.